நாலு ராஜா, ஐந்து சத்தியம்

கல்பா ராஜாவின் இரண்டாம் ஆண்டு, கோதுமை கதிர் வாங்கும் மாதம்

மாரேஸ், தன் தம்பி பாகிசிஸுக்கு.

உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று நம் ஏரிக்கரை முதலைச் சாமியின் முன்னால் தினமும் உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டு வருகிறேன். இங்கே நான் நலம். உன் மனைவி தமிஸ்தா நலம். உன் மகள் சின்னவளுக்கு ஒரு பல் விழுந்தது, வேறொன்றும் இல்லை.

பட்டணத்தில் நல்ல வக்கீலாகப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று படகேறினாய். அன்றைக்கு எதிர்க்காற்று, படகு நகரவே மாட்டேன் என்றது. தோளில் வெங்காய மூட்டையோடு நின்றுகொண்டு, "அறுவடைக்குள்ள வந்து நிக்கலேன்னா என்னை நாய்னு கூப்பிடுண்ணே" என்று துறையில் இருந்த எல்லார் காதிலும் விழச் சொன்னாய். எனக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்தது போகாது.

போன வெள்ளத்தில் பெரிய கரையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பினவன் நீதான் என்று கரைக் கண்காணி ஹெராஸ் கொடுத்த புகார் மேலே போய்விட்டது. கிழக்கு வயல்காரர்கள் விதைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கரை வெட்டினவனுக்குக் கல்லுக்குழியில் கல் வெட்டும் தண்டனைதான், உனக்கே தெரியும். நீ வெட்டவில்லை என்றாய். நான் மறுகேள்வி கேட்கவில்லை. மெம்பிஸில் நீதிபதி உட்காரும்போது உன்னைக் கொண்டுவந்து நிறுத்துவேன், நிறுத்தாவிட்டால் உனக்குள்ள தண்டனை எனக்கு என்று கல்பா பேரரசரின் யோகத்தின் மேல் சத்தியம் செய்து பிணை நிற்கிறேன். ஆகையால் வா.

அபுங்கிஸ் உன்னைக் கேட்டதாகச் சொல்கிறான். கோவில் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறவன் அவன்தான். நலமாயிரு.


ஓத்தோ ராஜாவின் முதல் ஆண்டு, கதிர் முற்றும் மாதம்

அன்பும் மதிப்பும் நிறைந்த உடன்பிறப்பும் எனக்குத் தந்தையின் இடத்தில் இருப்பவருமாகிய மாரேஸ் அண்ணன் அவர்களின் திருமுன்னர், தம்பி பாகிசிஸ் எண்ணற்ற வணக்கங்களுடன். பட்டணத்துப் பெருந்தெய்வமான சராபிஸின் சந்நிதியில் தங்கள் நீண்ட ஆயுளையும் திடகாத்திரத்தையும் வேண்டி அன்றாடம் வழிபட்டு வருகிறேன்.

அண்ணே, நல்ல சேதி. கல்பா செத்தார். ரோமில் நடுத்தெருவில் பல்லக்கிலிருந்து இழுத்துப் போட்டு வெட்டி, தலையைக் கம்பில் செருகிக் கொண்டுபோனார்களாம். கப்பல்காரர்கள் சொன்னது. இப்போது ஓத்தோ ராஜா. யோகம் போனவருடைய யோகத்தின் மேல் நீ செய்த சத்தியம் எப்படி நிற்கும்? இதை எழுதித் தருகிறவர் சட்டம் தெரிந்தவர், அவரும் நிற்காது என்கிறார். ஆகையால் நீ பயப்பட வேண்டாம்.

வக்கீல் இன்னும் அமையவில்லை. துறைமுகத்தில் தானிய மூட்டை தூக்குகிறேன். கடல் காற்று குளிர்கிறது. என் கம்பளிப் போர்வையையும் கொஞ்சம் கருவாடும் பாபூஸ் படகில் கொடுத்தனுப்பு. அனைவரையும் பெயர் சொல்லி விசாரித்ததாகச் சொல்லவும்.


ஓத்தோ ராஜாவின் முதல் ஆண்டு, அறுவடை தொடங்கும் மாதம்

மாரேஸ், தம்பிக்கு. நலம். சாமியிடம் சொல்லிக் கும்பிட்டேன்.

உன் கடிதத்தில் நல விசாரிப்பு ஒரு முழம், சேதி ஒரு விரல். அந்தச் சட்டம் தெரிந்தவனை நலம் விசாரிப்பதோடு நிறுத்தச் சொல்.

நீ எழுதியதை நம்பி ஊர்க்கணக்கரிடம் போனேன். ஹெராஸும் அங்கே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தான். கல்பா போய்விட்டார், அதனால் என் சத்தியமும் போய்விட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறான் என்றேன். கணக்கர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவரே, கல்பா செத்தாரு. கல்லுக்குழி செத்துச்சா?"

"தம்பி பட்டணத்துல சட்டம் படிக்கிறான் போல," என்றான் ஹெராஸ். "படிச்சு முடிச்சதும் கரையை எப்படிக் கட்டுறதுன்னு கேட்டு எழுதச் சொல்லும்."

சிரித்து முடித்துவிட்டு, அங்கேயே என்னை ஓத்தோ ராஜாவின் பேரில் மறுபடி சத்தியம் செய்ய வைத்தார். நீ எழுதாமல் இருந்திருந்தால் அவருக்கு அது தோன்றியிருக்காது. நீதிபதி இந்தக் குழப்பத்தில் இந்தப் பக்கம் வரவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதுவரை உனக்கு நேரம் இருக்கிறது.

புது ராஜாவுக்கு ஊரே மாலை போட வேண்டும் என்று உத்தரவு. கல்பாவுக்குப் போட்ட மாலையையே தண்ணீர் தெளித்துப் போட்டோம். படப்பலகையில் முகத்தை மட்டும் மாற்றி எழுதினார்கள். தாடை இன்னும் கல்பாவுடையதுதான்.

போர்வையும் கருவாடும் பாபூஸிடம் கொடுத்தேன். போர்வையில் கிழிந்த இடத்தைத் தமிஸ்தா தைத்தாள். "குளிருதாமா அவருக்கு? இங்க வந்தா வெயில் இருக்கே பெரியத்தான்" என்றாள். அவள் சொன்னபடியே எழுதச் சொன்னேன். நலமாயிரு.


விதெல்லியுஸ் ராஜாவின் முதல் ஆண்டு, களத்தில் போரடிக்கும் மாதம்

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணனுக்குப் பாகிசிஸ் வணக்கம். நலம், நலமறிய அவா.

ஓத்தோவும் போனார். சண்டையில் தோற்றுத் தன் கையாலேயே குத்திக்கொண்டாராம். இந்த வருஷம் ராஜாக்கள் நிற்கவில்லை அண்ணே, ஊரில் எதுதான் நிற்கப் போகிறது? வழக்கும் நிற்காது. கப்பல் நிறைய வருகிறது, என்னை விட மாட்டேன் என்கிறார்கள். வெள்ளம் வருவதற்குள் பார்க்கிறேன். கருவாடு நன்றாக இருந்தது, எல்லாருக்கும் பிடித்தது.


விதெல்லியுஸ் ராஜாவின் முதல் ஆண்டு, வாய்க்கால் தூர் வாரும் மாதம்

மாரேஸ், தம்பிக்கு. உடம்பு சுகமா? எனக்கு முழங்கால் மட்டும் கேட்கவில்லை.

மூன்றாவது சத்தியமும் செய்தாயிற்று. இந்த ராஜாவின் பேர் ஒருவன் வாயிலும் நுழையவில்லை. நான் சொன்னது வேறு யாரோ ஒருவர் பேராகக்கூட இருக்கும். கணக்கர், "பரவால்ல, அவருக்குப் புரிஞ்சிருக்கும்" என்று எழுதிக்கொண்டார்.

படகுக்காரன் பாபூஸ் திரும்பி வந்தான். துறைமுகத்துக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் தெருவில் உன்னைப் பார்த்தானாம். ஒரு பெண் உன்னோடு நடந்து வந்தாளாம், உன் போர்வை அவள் தோளில் இருந்ததாம். பாபூஸுக்கு இந்த வருஷம் கண்ணில் பூ விழுந்திருக்கிறது. கண் தெரியாதவன் பேச்சை நம்பாதே என்று தமிஸ்தாவிடம் சொல்லிவிட்டேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் அரைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரிய கரைக்குக் கீழே வாய்க்கால் வற்றிவிட்டது. தூர் வாரும் கூலியில்லா வேலைக்கு உன் முறையையும் சேர்த்து நானே போனேன். கரை உடைந்த இடத்தில் சேற்றில் ஒரு மண்வெட்டி தட்டுப்பட்டது. பிடியில் அப்பா சூடு போட்ட குறி இருந்தது. நீரோ ராஜா ஏழாம் ஆண்டு வெள்ளத்தில் அப்பா நமக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தது. என்னுடையது என் கையில் இருந்தது. ஹெராஸ் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். நான் காலால் மிதித்துச் சேற்றுக்குள் இறக்கிவிட்டேன்.

அதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். இதற்கு மேல் அபுங்கிஸை எழுதச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வா.


வெஸ்பாசியன் ராஜாவின் முதல் ஆண்டு, ஆறு நிறம் மாறும் மாதம்

மாரேஸ், தம்பிக்கு. நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், பதில் வரவில்லை.

நாலாவது ராஜாவின் பேரை உன் பட்டணத்தில்தானே முதலில் அறிவித்தார்கள். நீ பார்த்திருப்பாய். இங்கே தம்பட்டம் அடித்தார்கள். கணக்கர் ஆளனுப்பும் முன்பே நானே போய் நின்றேன். "வாங்க பெரியவரே, வாடிக்கை ஆயிட்டீங்க" என்றார்.

ஆனால் இந்த முறை சிரிப்பு இல்லை. இவர் தூரத்து ராஜா இல்லை, பக்கத்தில் இருக்கிறவர், படையும் இங்கேதான் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் நீதிபதி மெம்பிஸில் உட்காருவது உறுதி, முதல் நாளே நம் வழக்கு என்கிறார்கள். நான் ஓடிவிடக்கூடாது என்று என் வீட்டு வாசலில் ஒரு காவலாளைப் போட்டிருக்கிறார்கள். என் ரொட்டியைத் தின்றுவிட்டு என் பாயில் தூங்குகிறான். நேற்று கல்லுக்குழியைப் பற்றிக் கேட்டேன், அவன் அங்கே ஒரு வருஷம் காவல் இருந்தவன். "உங்க வயசுக்காரங்க ரொம்பக் கஷ்டப்பட மாட்டாங்க தாத்தா, முதல் கோடையிலேயே முடிஞ்சிரும்" என்றான். நல்லவன். ஆறுதலாகத்தான் சொன்னான்.

நீ ஒருவன் வந்து நின்றால் போதும். வெட்டவில்லை என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறது. அப்படியே தண்டனை என்றாலும் உனக்கு வயசு இருக்கிறது, திரும்பி வருவாய். எனக்கு அது இல்லை. இதை உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே.


வெஸ்பாசியன் ராஜாவின் இரண்டாம் ஆண்டு, நடு வெள்ளம்

அண்ணனுக்குப் பாகிசிஸ். நலம்.

ராஜா வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் இரண்டாம் ஆண்டு என்று போடுகிறார்கள் பார். புது வருஷம் பிறந்துவிட்டதாம். சட்டம் எல்லாம் இப்படித்தான் அண்ணே, அவர்களுக்கு வேண்டியபடி. ரோமைப் பட்டினி போட வேண்டும் என்று தானியக் கப்பலை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு மூட்டையும் இல்லை, கூலியும் இல்லை.

நீ என்னைக் குற்றவாளி மாதிரி எழுதுகிறாய். யார் உன்னைப் பிணை நிற்கச் சொன்னது? நான் கேட்டேனா? ராஜா மாறும்போதெல்லாம் ஓடிப்போய்ச் சத்தியம் செய்கிறாய். ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாயா? நான் வந்தால் ஹெராஸ் என்னை உரித்துவிடுவான். கிழவர்களைக் கல்லுக்குழிக்கு அனுப்ப மாட்டார்கள், நாலு அடி போட்டு விட்டுவிடுவார்கள் என்று இங்கே விசாரித்துவிட்டேன். நீ தனி ஆள். மதனி போய்ச் சேர்ந்தாயிற்று. என் நிலைமையை யோசித்துப் பார். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோபத்தில் எழுதவில்லை. பசியில் எழுதுகிறேன்.


வெஸ்பாசியன் ராஜாவின் இரண்டாம் ஆண்டு, வெள்ளம் வடியத் தொடங்கும் மாதம்

மாரேஸ், பாகிசிஸுக்கு.

உன் கடிதத்தை அபுங்கிஸ் படித்தான். ஒரு இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். "மறுபடி படி" என்றேன். மறுபடியும் இரண்டு என்றுதான் படித்தான். இந்த வீட்டில் உனக்கு ஒன்று இருக்கிறது, அதற்குப் பல் முளைத்துவிட்டது.

தமிஸ்தாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிடச் சொன்னேன். "விட்ட இடம் எது பெரியத்தான்?" என்று கேட்டாள். நான் கடிதத்தை வாங்கிச் சுருட்டினேன். "சரி, விடுங்க. பாபூஸுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

பிணை நிற்க நீ கேட்டாயா என்கிறாய். கேட்கவில்லை, நிஜம். நீ கேட்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். சின்ன வயசிலிருந்தே உன்னைக் கேட்க விட்டதில்லை, பழக்கதோஷம்.

விதைப்பு முடிந்ததும் நீதிபதி மெம்பிஸில் உட்காருகிறார் என்று நாள் குறித்துவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான். வருகிறாயா, இல்லையா? ஒரு சொல் எழுது. வரமாட்டேன் என்றாலும் எழுது. அதற்குத் தகுந்தபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.


வெஸ்பாசியன் ராஜாவின் இரண்டாம் ஆண்டு, விதைப்பு மாதம்

என் அண்ணனுக்கு, பாகிசிஸ். இதை வழக்கமாக எழுதித் தருகிறவரிடம் கொடுக்கவில்லை. தெருவில் ஒரு பையனை எழுதச் சொன்னேன், தப்பு இருக்கும்.

உன் கடிதம் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வருகிறேன் அண்ணே. பாபூஸ் படகு திரும்பும்போது அதிலேயே ஏறுகிறேன். பாபூஸிடம் இடம் சொல்லிவிட்டேன். துறைக்கு வந்து நில். தமிஸ்தாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ ஒன்றும் சொல்லாதே. நீ நலமாக இரு, எனக்காக.


வெஸ்பாசியன் ராஜாவின் இரண்டாம் ஆண்டு, விதை முளைக்கும் மாதம்

மாரேஸ், முன்பு தம்பியாக இருந்த பாகிசிஸுக்கு.

செத்தவனிடம் உடம்பு எப்படி என்று கேட்கும் வழக்கமில்லை.

துறைக்கு வந்தேன். தமிஸ்தா வந்தாள். காவலாளும் வந்தான், என்னை விட்டு விலகக்கூடாதே. ஹெராஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வேடிக்கைக்கு வந்தான். படகு திரும்பியது. பாபூஸ் இறங்கினான். அவனுக்குப் பின்னால் இரண்டு ஆடும் ஒரு மண்ஜாடிக் கட்டும் இறங்கின.

பாபூஸ் என் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தான். நீ படகில் ஏறினாய், மூன்றாவது ஊர்த் துறையில் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று இறங்கினாய், திரும்பிப் பார்க்காமல் பட்டணத்துப் பாதையில் நடந்தாய், இதை அவன் பிறகுதான் முழுதாகச் சொன்னான். அவன் வாயைத் திறந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஹெராஸ், "எங்கய்யா நாய்?" என்றான்.

நான் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டேன். "ஆத்தோட போயிட்டானே! வழக்குக்கு வந்த பிள்ளைய ஆறு கொண்டுபோயிட்டதே!" என்று துறையே அதிரக் கத்தினேன். யோசித்துச் செய்ததில்லை. கையைத் தூக்குவது எனக்குப் பழக்கம்.

பாபூஸ் என்னைப் பார்த்தான். அவன் நல்ல கண்ணால் என்னை நன்றாகவே பார்த்தான். "ஆமா" என்றான். "படகோரத்துல குனிஞ்சாரு. முதலை. தண்ணி சிவந்துச்சு." பாபூஸ் பொய் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை, நன்றாகச் சொன்னான்.

அப்புறம் நடந்ததைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். படுக்கையில் செத்தால் நீ வெறும் ஆள். ஓடிப்போனால் குற்றவாளி. ஆற்றோடு போனவன், அதுவும் முதலைச் சாமியே எடுத்துக்கொண்டவன், நம் ஊரில் சாமி அல்லவா? நானும் நீயும் சின்ன வயசில் யார் யாருக்கெல்லாம் ஆற்றங்கரையில் விளக்கு வைத்தோம்? ஹெராஸ் முகம் வெளுத்துவிட்டது. உன்னை நாய் என்றவன், உடனே சேற்றை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு மண்ணில் விழுந்தான். மறுநாள் ஒரு குடம் பீர் கொண்டுவந்து துறையில் ஊற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். சாமி எடுத்துக்கொண்டவன்மேல் புகார் வைத்திருந்தால் அவன் குடும்பம் விளங்குமா?

கணக்கர் மட்டும் கணக்கர். "சரி, எழுதிக்கறேன். ஆனா சத்தியம் வேணும் பெரியவரே" என்றார். வெஸ்பாசியன் பேரரசரின் யோகத்தின் மேல், என் தம்பி பாகிசிஸ் நீதிபதி முன் நிற்பதற்காக ஊர் திரும்பும் வழியில் ஆற்றோடு போனான் என்று சத்தியம் செய்தேன். இந்த வருஷத்தில் ஐந்தாவது. முதல் நாலும் நான் நிஜமாகச் செய்தவை, நீ பொய்யாக்கினாய். இது ஒன்று பொய்யாகச் செய்தது. இதை நீ நிஜமாக்க வேண்டும்.

பேரை ஊர்க் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். வழக்கு இல்லை. காவலாள் போய்விட்டான், என் பாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி நீ இந்த மண்ணில் கால் வைத்தால் ராஜாவின் பேரில் பொய்ச் சத்தியம் செய்தவன் நான், கல்லுக்குழி கூட எனக்கு இல்லை, தலைதான். பாபூஸுக்கும் அதுதான். அபுங்கிஸ் இதை எழுத மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். எழுதிவிட்டதால் அவனும் இப்போது பங்காளி, வாய் திறக்க மாட்டான். உன் ராஜாவும் பட்டணத்துக்கு வந்துவிட்டாராம், எச்சில் தொட்டு வைத்தால் குருடனுக்குப் பார்வை வருகிறது என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்.

தமிஸ்தா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதாள். பொய்க்கு அவ்வளவு அழ வேண்டியதில்லை என்று ஜாடை காட்டினேன். நிறுத்தவில்லை. தினமும் விளக்கு பொருத்தித் துறையில் வைக்கிறாள். ஊர்ப் பெண்கள் உன்னிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ரொட்டியில் பாதி அவளுக்கும் சின்னவளுக்கும் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நீ அவர்களுக்கு ஒழுங்காகச் சோறு போட்டது இப்போதுதான்.

"உயிரோட இருந்தப்ப கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன் பெரியத்தான்" என்றாள் நேற்று. "இப்ப பரவால்ல. பதில் வராதுன்னு தெரிஞ்சுதான் கும்பிடறேன்."

இனி கடிதம் எழுதாதே. பாபூஸிடம் சேதி சொல்லாதே.

ஒன்றே ஒன்று. நீ என்றைக்காவது நிஜமாகச் சாவாய். எங்கே செத்தாலும் நம் ஆட்கள் உடம்பைப் பதப்படுத்தி, கழுத்தில் மரப்பலகை கட்டி, பேரும் ஊரும் எழுதி, ஆற்று வழி அனுப்பி வைப்பார்கள். இன்னாருடைய மகன், இன்ன துறையில் இறக்கவும் என்று இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கும், நல்ல மனசோடு செய்வாள். அவளிடம் இப்போதே சொல்லி வை. பலகையில் நம் அப்பா பேரைப் போட வேண்டாம். நம் ஊர்ப் பேரைப் போட வேண்டாம். அப்படி ஒரு உடம்பு வந்தால் இந்தத் துறையில் தூக்க ஒரு ஆள் வரமாட்டான். ஆற்றோடு போனவனுக்கு உடம்பு ஏது?

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நம் இருவருக்கும் என்று இடம் விட்டிருந்தது. உன்னுடையதையும் சேர்த்து நானே படுத்துக்கொள்கிறேன். தாராளமாக இருக்கும்.